இறக்குகிற கைக்குத்தான் உப்பு

8 டிசம்பர் 2008, திங்கள்

நேற்றுக் கல்யாணத்தில் சாம்பார் கரித்தது. லேசாக இல்லை, நாக்கில் வைத்ததும் கண் தானாகச் சுருங்குகிற அளவுக்கு. பந்தியில் பாதிப் பேர் மோரைக் கேட்டு வாங்கி சாம்பார் சாதத்தின் மேலேயே ஊற்றிக்கொண்டார்கள். நான் பார்த்தேன். பரிமாறினவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். கணேஷ்ராம் மட்டும் பார்க்கவில்லை. பார்த்தும் பார்க்காத மாதிரி ஜாங்கிரித் தட்டை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தான்.

கணேஷ்ராம் என் மச்சினன், வீட்டுக்காரரின் தம்பி. இவர் மலைமேல் கோயில் மடப்பள்ளியில் இருக்கிறார். கீழே கல்யாணச் சமையல் எல்லாம் தம்பி பொறுப்பு. நான் நறுக்குகிறேன், அரைக்கிறேன், புளி கரைக்கிறேன், தாளிக்கிறேன். உப்பு மட்டும் போடக்கூடாது.

ஏன் கூடாது? எங்கள் குடும்பத்தில் அது சட்டம். நைவேத்யம் ஆவதற்கு முன்னால் எதையும் வாயில் வைத்துப் பார்க்கக்கூடாது. ருசி பார்க்காமல் உப்புப் போடுவதென்றால் ஒரே கைதான் போடவேண்டும், இரண்டு கை போட்டால் போச்சு. எந்தக் கை? குழம்புத் தவலையை அடுப்பிலிருந்து இறக்குகிற கை. அதையும் ஒரே ஆள்தான் இறக்க வேண்டும், இரண்டு பேர் பிடித்தால் ஒரு பக்கம் சாயும். இறக்குகிறவன் பொறுப்பு, அவனே உப்பு. மாமனார் காலத்திலிருந்து இப்படித்தான் நடக்கிறது.

நேற்று அவன் ஒரு தடவை உப்புப் போட்டதை என் கண்ணால் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் உப்பு மரவைக்குள், மாமனார் வைத்திருந்த அந்த மரக்கிண்ணத்துக்குள், கையை விட்டான். “கணேஷா, போட்டாச்சுடா” என்றேன். “இறக்கறவன் நான் மன்னி” என்று சொல்லிவிட்டு அள்ளிப் போட்டான்!

வண்டியில் பாத்திரம் ஏற்றும்போது நான் விடவில்லை. ஆவியை முகர்ந்தே உப்புச் சொல்லிவிடுவேன் நான். இவருக்குத் தெரியும், போய்ச் சேர்ந்த மாமனாருக்கும் தெரிந்திருந்தது. அதைச் சொன்னேன். அவன் எல்லார் முன்னாலும் சிரித்தான். “அப்படீன்னா நீங்களே இறக்குங்கோ மன்னி. என்னிக்கு இறக்கறேளோ அன்னிக்கு மரவையை உங்க கையில குடுத்துடறேன்.” இடுப்பில் துண்டை இறுக்கி வரிந்து கட்டிக்கொண்டு, பெரிய பயில்வான் மாதிரி.

எனக்கு நாற்பத்திரண்டு வயது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நறுக்கிக்கொண்டிருக்கிறேன். எனக்கு அந்த உப்பு வேண்டும். வேறு எதுவும் வேண்டாம், அந்த உப்பு வேண்டும்.

9 டிசம்பர், செவ்வாய்

வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்துத் தவலையில் தண்ணீர் ரொப்பித் தூக்கிப் பார்த்தேன். ஒரு விரற்கடை எழும்பியது. அப்புறம் கொல்லை முழுக்கத் தண்ணீர், நடுவில் நான் உட்கார்ந்திருக்கிறேன். இவர் வந்து கேட்டதற்குக் கொல்லையைக் கழுவினேன் என்றேன்.

12 டிசம்பர், வெள்ளி

பிடிதுணிக்குத் துண்டு வாங்க பஜாரில் பூவம்மாள் கடைக்குப் போனேன். பூவம்மாள் பொதட்டூர்பேட்டைக்காரி. வீட்டுத் தறியில் நெய்கிற லுங்கியையும் துண்டையும் இங்கே கொண்டுவந்து விற்கிறாள். வாய் ஓயாது. எனக்கு அவளைப் பிடிக்கும்.

“இன்னா மாமி, மூஞ்சி ஒரு மாரியா கீது?” என்றாள். கேட்டதுதான் தாமதம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உப்பு, தவலை, மச்சினன், கொல்லைத் தண்ணீர்.

“அட, இதுக்கா ஒப்பாரி வெச்சுகினு கீற? பேசாம எங்கூட ஆஸ்மாகிட்ட வந்துடு.”

ஆஸ்மா யார்? அரக்கோணம் ரோட்டில் லாரி ஷெட் வைத்திருக்கிற குலாம் ரசூல் பாயின் மருமகள். பாயின் பையன் அயாஸ் துபாயில் வேலை பார்த்தபோது இவள் அங்கே பெண்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் இடத்தில் இருந்தாளாம். இப்போது இரண்டு பேரும் ஊரோடு வந்துவிட்டார்கள். “அல்லாரும் துபாய்லேர்ந்து தங்கம் கொண்டாருவாங்க மாமி. இது பொட்டில இரும்புக் குண்டு கொண்டாந்துகிது. ஏர்போர்ட்ல தொறந்து பாத்தவங்களுக்கு வேர்த்துப் பூட்ச்சாம்!”

குண்டுக்குப் பெயர் கெட்டில்பெல். பெரிய பூட்டு மாதிரி இருக்குமாம், கீழே உருண்டை, மேலே பிடி. ஷெட்டுக்கு மேலே மாடி அறையில் காலையில் வகுப்பு. பெண்கள் மட்டும்.

இரும்பைத் தூக்கினால் தவலையைத் தூக்கலாமா? பூவம்மாள் ஆகாசத்தையே தூக்கலாம் என்கிறாள். அவள் சேர்ந்து நாலு நாள்தான் ஆகிறது.

17 டிசம்பர், புதன்

போனேன்! போய்விட்டு வந்துவிட்டேன்! எழுத்து கோணல் மாணலாக வருகிறது, பரவாயில்லை.

மார்கழி பிறந்தாயிற்று, இனி தை வரை கல்யாணம் கிடையாது. இவர் இருட்டோடு மலைக்குப் போய்விடுகிறார். ஒரு குழப்பம்தான் இருந்தது, என்ன உடுத்திக்கொண்டு போவது? சுடிதார் என்னிடம் இல்லை. புடவையில் காலை அகட்ட முடியாது. யோசித்து யோசித்து, கல்யாணத்தில் சமைக்கிற நாளில் கட்டுகிற ஒன்பது கஜத்தை எடுத்து மடிசாராகக் கட்டிக்கொண்டு, மேலே சால்வையைப் போர்த்திக்கொண்டு கிளம்பினேன். தெருவில் பார்த்தவர்கள் ஏதோ விசேஷம் என்று நினைத்திருப்பார்கள்.

ஷெட்டின் மாடிப்படி அடியில் ஷாஜாதி, பாயின் மனைவி, ஒரு பழைய லாரி டயரைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். அவள்தான் காவல். ஆண்பிள்ளை ஒருத்தரும் மேலே ஏறக்கூடாது. பாயே ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கீழே நின்று கத்த வேண்டும். என்னை மேலும் கீழும் பார்த்தாள். “கோயில் மாமியா? மேல போங்க, மேல போங்க. பூசைன்னு நெனச்சு வந்துட்டீங்களோன்னு பார்த்தேன்.”

ஆஸ்மா சின்னப் பெண். இருபத்தேழு இருக்கும். தலைக்கு முக்காடு, காலில் ஷூ. என் மடிசாரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். “மாமி, சூப்பரா கீதுங்க இது! காலு ரெண்டும் தனித்தனியா வருது, ஒண்ணும் மாட்டாது. துபாய்ல இதுக்குன்னே தனி டிரஸ் விப்பாங்க.” எனக்குப் பெருமை தாங்கவில்லை. பூவம்மாள் நைட்டியில் வந்திருந்தாள். முதல் ஆட்டத்திலேயே குண்டு நைட்டிக்குள் புகுந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்றது. இரண்டு பேர் சேர்ந்து பூவம்மாளைப் பிடித்துக்கொள்ள, ஒருத்தி குண்டை உருவி எடுத்தாள்.

ஆஸ்மா கொண்டுவந்தது கொஞ்சம்தான். மீதியெல்லாம் பாய் லாரிச் சாமானில் பிடி வைத்து வெல்டிங் பண்ணிக் கொடுத்தது. என் பங்குக்கு வந்தது அப்படி ஒன்று. பழக்கதோஷம், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

“கீழேர்ந்து எடுத்து அப்படியே தோள்கிட்ட கொண்டாங்க” என்றாள் ஆஸ்மா. செய்துகாட்டினாள். சுலபமாகத்தான் தெரிந்தது. எல்லாரும் குனிந்தோம், எடுத்தோம். நிமிர்ந்து பார்த்தால் வந்திருந்த அத்தனை பேர் இடது இடுப்பிலும் குண்டு உட்கார்ந்திருக்கிறது! ஒரு கையை அதன்மேல் போட்டு, இடுப்பை ஒடித்துக்கொண்டு, தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற கூட்டம் மாதிரி வரிசையாக நிற்கிறோம். ஒருத்திகூடத் தப்பவில்லை.

“ஐயோ, அது குடம் இல்லீங்க!” ஆஸ்மா சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மறுபடி எடுத்தோம். மறுபடியும் இடுப்பு. என் கை என் பேச்சையே கேட்கவில்லை. நாங்கள் சிரித்த சிரிப்பில் கீழேயிருந்து ஷாஜாதி, “மேல இன்னாடி பண்றீங்க, கட்டடம் ஆடுது!” என்று குரல் கொடுத்தாள்.

கடைசியாக எப்போது இப்படிச் சிரித்தேன்? நினைவில்லை. வரும் வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பால்காரர் ஒதுங்கி வழிவிட்டார்.

18 டிசம்பர், வியாழன்

உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. சிரித்தால் வயிறு வலிக்கிறது. குடத்தை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

20 டிசம்பர், சனி

இவர் கேட்டுவிட்டார். “என்னடி, ஆ ஊன்னு முனகிண்டே இருக்கே?”

“மார்கழி கோலம். பெரிசாப் போட்டேனா, குனிஞ்சு குனிஞ்சு...” என்றேன்.

அவர் மெதுவாக எழுந்துபோய் வாசலை எட்டிப் பார்த்தார். வாசலில் உள்ளங்கையளவு ஒரு நட்சத்திரம்தான் இருந்தது. திரும்பி வந்து காபியைக் குடித்தார். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு போனேன். நல்ல மனுஷர்.

24 டிசம்பர், புதன்

இன்று வந்துவிட்டது! இத்தனை நாளாகக் குண்டைக் கையால் ஆட்டிக்கொண்டிருந்தேன், தோள் கழன்று விழுகிற மாதிரி. ஆஸ்மாவும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். “கையில ஒண்ணுமே இல்ல மாமி. எல்லாம் இடுப்புதான். இடுப்பைப் பின்னால தள்ளுங்க. காரைவிட்டு எறங்கி, கதவைப் பின்னால சாத்துற மாதிரி.” எங்களில் யாரிடம் கார் இருக்கிறது? எல்லாரும் முழித்தோம்.

திடீரென்று எனக்குப் புரிந்தது. இரண்டு கையிலும் பாத்திரத்தோடு, சாமான் வைக்கிற உக்கிராண அறையை விட்டு வருகிறோம், கதவை எப்படிச் சாத்துவோம்? பின்பக்கத்தால் ஒரு தள்ளு! இதை நான் தினமும்தானே செய்கிறேன்! “எல்லாரும் உக்கிராணக் கதவைச் சாத்துங்கோடி!” என்று கத்தினேன். சாத்தினோம். குண்டு தானாக எழும்பி மார்பு வரை வந்தது. கை வெறுமனே கூடப் போகிறது, அவ்வளவுதான். சின்னவளாக இருந்தபோது ஊஞ்சலில் ஆடினேனே, அந்தச் சுகம்.

ஆஸ்மா இனிமேல் கார்க்கதவைச் சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறாள்.

1 ஜனவரி 2009, வியாழன்

நேற்றுப் படித் திருவிழா. படிக்குப் படி கற்பூரம், பஜனை கோஷ்டிகள், ஊரெல்லாம் வெளியூர் வேன். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, இந்தக் கணேஷ்ராம் வரும்வரை.

இன்று காலையில் நடுக்கூடத்தில், இவர் மலையிலிருந்து வந்து பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதா கேட்க வேண்டும்? “மன்னி, நீங்க பாய் ஷெட்டுல போய்க் குண்டு தூக்கறேளாமே? மடிசாரைக் கட்டிண்டு? பஜார்ல சிரிக்கறா.”

எனக்கு உடம்பு பற்றிக்கொண்டு வந்தது. சிரிக்கட்டுமே! ஏன், நான் என்ன திருடினேனா? உன் சாம்பாரைச் சாப்பிட்டவா சிரிக்கலையா? இறக்குங்கோ மன்னின்னு சொன்னது யாரு? நீதானேடா! அப்போ எப்படி இறக்கறதுன்னு கத்துக்க வேண்டாமா? வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன், பாதி அழுகை. அவன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றான்.

இவர் தலையே நிமிரவில்லை. இலையை வழித்துச் சாப்பிட்டு முடித்தார். கையலம்பினார். என்ன சொல்லப்போகிறாரோ? அவர் போகவேண்டாம் என்றால் நான் என்ன செய்வேன்? போகாமல் இருக்க முடியுமா இனிமேல்?

“வந்ததும் குளிச்சுட்டு அடுப்பண்ட போ. அவ்வளவுதான்” என்றார். கதவுவரை போய்த் திரும்பி, “எவ்வளவு கனம் தூக்கறே?” என்று கேட்டார்.

புது வருஷம் நன்றாகப் பிறந்திருக்கிறது.

7 ஜனவரி, புதன்

பாய் புதிதாக ஒன்று செய்து அனுப்பியிருக்கிறார். லாரிச் சக்கரத்துக்கு நடுவில் இருக்கிற ஏதோ சாமானாம், அதில் தடியாக ஒரு பிடி. கறுகறுவென்று, மூலையில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. பூவம்மாள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டாள். “ஒரு வேலையும் செய்யாம குந்திகினு கீது பாரு, அதான்.”

யாராலும் மாப்பிள்ளையை அசைக்க முடியவில்லை. நான் பிடியைப் பிடித்துப் பார்த்தேன். குழம்புத் தவலையின் கனம்தான். அதேதான், என் கைக்குத் தெரியும்.

15 ஜனவரி, வியாழன்

மாட்டுப் பொங்கலுக்கு விடுமுறை என்று ஆஸ்மா சொல்லியிருந்தாள். பூவம்மாள் கேட்காமல் மஞ்சள் குங்குமத்தோடு போய் எல்லாக் குண்டுக்கும் பொட்டு வைத்து, மாப்பிள்ளைக்குச் சாமந்தி மாலையே போட்டுவிட்டாளாம். பாய் வீட்டில் கோபித்துக்கொள்வார்களோ என்று பயந்து நான் ஓடினேன். ஷாஜாதி டயரில் உட்கார்ந்து நான் கொண்டுபோன சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டுக்கொண்டே, “முன்னயே தூக்க முடியல, இப்ப மாலை கனம் வேற” என்றாள்.

21 ஜனவரி, புதன்

மாப்பிள்ளை எழுந்தார்! எழுந்தார் எழுந்தார் எழுந்தார்!

24 ஜனவரி, சனி

பெரிய அசட்டுத்தனம் ஒன்று நடந்துவிட்டது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

கொல்லைக் குழாயடியில் பித்தளைக் குடம் நிரம்பியது. இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இடுப்பு தானாகப் பின்னால் போனது, குடம் இரண்டு காலுக்கும் நடுவே போனது, நான் “உஸ்” என்று மூச்சை விட்டேன், குடம் மார்பு உயரத்துக்கு வந்தது. தண்ணீர் மட்டும் நிற்காமல் முன்னால் போனது. முன்னால் இவர். சந்தியாவந்தனத்துக்கு உட்கார்ந்திருந்தார். முழுக்காட்டிவிட்டேன்.

தலையைத் துவட்டிக்கொண்டே, “இதைத்தான் அங்க சொல்லித்தராளா?” என்றார்.

சிரித்து முடித்தபிறகுதான் பயம் வந்தது. அடுத்த ஞாயிறு கல்யாணம். கொதிக்கிற தவலையைப் பிடித்ததும் என் இடுப்பு இதே வேலையைச் செய்தால்? சாம்பாரை ஆட்டிவிட்டால்? ஈசுவரா!

30 ஜனவரி, வெள்ளி

ஆஸ்மாவிடம் பயத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையை எதிரில் வைத்து, ஆட்டாமல் நேராக எடுத்து, நேராக நகர்ந்து, நேராக வைக்கச் சொன்னாள். திரும்பத் திரும்ப. பூவம்மாள் ஒரு கிண்ணம் தண்ணீரை மாப்பிள்ளையின் தலைமேல் வைத்துக் கட்டினாள். முதலில் சிந்தியது. கடைசியில் சிந்தவில்லை.

“எடுக்கும்போது மூச்சை அடக்காதீங்க மாமி. அவ்ளோதான். மீதி உங்க உடம்புக்கே தெரியும்” என்றாள். கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். என் உள்ளங்கையும் அவள் உள்ளங்கை மாதிரியே காய்த்துப் போயிருக்கிறது.

1 பிப்ரவரி, ஞாயிறு

எழுதிவிட வேண்டும், ஒன்றுவிடாமல்.

மலையடிவாரத்து மண்டபம். கல்யாண மாப்பிள்ளை வீட்டார் கே.ஜி.கண்டிகைப் பக்கம், பெரிய கூட்டம். கோட்டை அடுப்பில் சாம்பார் கொதிக்க ஆரம்பித்ததும் கணேஷ்ராம் துண்டை எடுத்து இடுப்பில் இறுக்கினான். நான் எதிரில் போய் நின்றேன்.

“கணேஷா, இன்னிக்கு நான் இறக்கறேன். மரவையைக் குடு.”

சிரித்தான். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். “விளையாடாதீங்கோ மன்னி. கொட்டித்துன்னா பந்தி நின்னுடும், நம்ம பேரே போயிடும்.”

“நீதானே சொன்னே?”

சுற்றிலும் கத்தி சத்தம், தேங்காய்த் துருவல் சத்தம், எல்லாம் நின்றுவிட்டது. சொன்னது எல்லார் முன்னாலும். அவனால் மாற்றிப் பேச முடியவில்லை. மரவையை நீட்டினான். நான் ஆவியை முகர்ந்தேன். புளி, பருப்பு, பெருங்காயம், எல்லாம் சரி. உப்பை அள்ளிப் போட்டேன். என் கையால். என் கையால்!

மரவையைக் கீழே வைத்துப் பிடிதுணியை எடுக்கத் திரும்பினேன். பழக்கம் அவனை விடுமா, அவன் கை நேராக மரவைக்குள் போய் உப்போடு வெளியே வந்தது. நான் மணிக்கட்டைப் பிடித்தேன். சும்மாதான் பிடித்தேன். அவன் இழுத்தான், வரவில்லை. உதறினான், வரவில்லை. “விடுங்கோ மன்னி, வலிக்கறது” என்றான் மெதுவாக. உப்பு மரவைக்குள்ளேயே உதிர்ந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். என்னை நானே அப்போதுதான் பார்த்தேன். இந்தக் கை யாருடையது?

அப்புறம் தவலை. கொதித்து முடிந்ததும் இரண்டு பக்க வளையத்தையும் துணியோடு பிடித்தேன். அனல் முகத்தில் அடித்தது. உக்கிராணக் கதவு. மூச்சை அடக்காதே. ஆட்டாதே, ஆட்டாதே, இது குழம்பு, ஆட்டாதே. வாய்விட்டே சொல்லியிருக்கிறேன் போல. விறகு தள்ளும் வரதராஜன், “மாமி என்ன ஜபம் பண்றா?” என்று பக்கத்தில் கேட்டது காதில் விழுந்தது. எடுத்தேன். வந்துவிட்டது! நேராக எழுந்தது, நேராக நகர்ந்தேன், மணைமேல் வைத்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. எங்கள் ஷெட் மாப்பிள்ளையைவிட லேசு என்றுகூடத் தோன்றியது.

ஆனால் உப்பு? அது நைவேத்யம் ஆகி, இலை போட்டு, யாராவது வாயில் வைத்தால்தானே தெரியும். முதல் பந்தியில் தூணோரம் நின்றுகொண்டு மோர் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர் “மோர்” என்றார். எனக்கு உயிரே போயிற்று. டம்ளரில் வாங்கி அப்படியே குடித்தார். அவருக்குத் தாகம். அப்புறம், “சாம்பார் இன்னும் கொஞ்சம் விடுங்க” என்றார். பக்கத்து இலையும் கேட்டது. அதற்கடுத்த இலையும். நான் ஓடிப்போய்ப் பாத்திரம் கழுவுகிற இடத்தில் யாரும் பார்க்காமல் அழுதுவிட்டு வந்தேன்.

2 பிப்ரவரி, திங்கள்

கணேஷ்ராம் சாயந்திரம் வந்தான். கொல்லைப் படியில் உட்கார்ந்தான், உட்காரும்போது கையை ஊன்றிக்கொண்டு, மெல்ல மெல்ல. நான் ஏன் இதையெல்லாம் முன்பே கவனிக்கவில்லை?

“மன்னி, போன வருஷத்துலேர்ந்தே இடுப்புல வலி. தவலை கொதிக்கறபோதே நெனப்பெல்லாம் இடுப்புலதான் இருக்கும், எப்படி இறக்கப்போறோம்னு. உப்பு போட்டேனா போடலையான்னே நெனவு இருக்காது.”

“அதைச் சொல்றதுக்கென்னடா?”

“சொன்னா இறக்காதேம்பேள். இறக்கலேன்னா உப்பு போயிடுமே, அப்பாவோட மரவையும் போயிடுமே” என்றான்.

எனக்கு வேண்டியிருந்ததும் அதுதானே. அவன் துண்டை இறுக்கிக் கட்டியதைப் பயில்வான் வேஷம் என்று எழுதிவைத்தேன். பாவம், வலி தாங்கத்தான் கட்டியிருக்கிறான். உள்ளே போய்க் காபி கலந்து கொண்டுவந்து கொடுத்தேன். பிறகு அவன் கேட்டான், “அந்தப் பொண்ணு ஆம்பளைகளுக்குச் சொல்லித்தருவாளா?”

4 பிப்ரவரி, புதன்

கேட்டேன். ஆஸ்மா பதில் சொல்வதற்குள் கீழேயிருந்து ஷாஜாதி, “எவன் மேல ஏர்றான்னு நான் பார்க்கறேன்!” என்றாள். அவனை முதலில் டாக்டரிடம் காட்டச் சொல்லி, அவர் சரி என்றால் கனம் இல்லாமல் குனிந்து நிமிர மட்டும் நீங்களே சொல்லிக்கொடுங்கள் மாமி என்றாள் ஆஸ்மா.

நானா? அவனுக்கா? உக்கிராணக் கதவை அவனிடம் எப்படிச் சொல்வேன்! வெட்கமாக இருக்காதா!

7 பிப்ரவரி, சனி

சொல்லிவிட்டேன். டாக்டரும் சரி என்றாராம். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னேன். அவனும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டுக்கொண்டான்.

12 பிப்ரவரி, வியாழன்

தைப்பூசக் கூட்டம் வடிந்து ஊர் அமைதியாக இருக்கிறது. அடுத்த கல்யாணத்துக்கு மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தேன். உக்கிராண அறைப் பக்கம் தடால் என்று கதவு அடித்துக்கொண்டது. காற்றாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுபடி தடால். கொஞ்சம் பொறுத்து மறுபடி.

எழுந்துபோய்ப் பார்த்தேன். கணேஷ்ராம். இரண்டு கையிலும் வெறும் பாத்திரம். கதவைத் திறந்து வைத்து, முன்னால் நின்று, முதுகை நேராக வைத்துக்கொண்டு பின்பக்கத்தால் ஒரு தள்ளு. தடால். திரும்பிக் கதவைத் திறக்கிறான், மறுபடி நிற்கிறான். நெற்றியெல்லாம் வேர்வை. இடுப்பில் துண்டு இல்லை. அவ்வளவு சிரத்தையாக அவன் ஏதும் செய்து நான் பார்த்ததில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டேன்.

அடுப்படி அலமாரியில், என் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில், உப்பு மரவை இருந்தது. அவனே கொண்டுவந்து வைத்திருக்கிறான். இப்போதைக்கு, இடுப்பு தேறும்வரைதான் வைத்திருக்கிறான் என்று எனக்குத் தெரியாதா என்ன? தடால், தடால் என்று அங்கே சத்தம் நிற்கவே இல்லை.

நாளைக் காலையில் முதல் வேலையாக ஆஸ்மாவிடம் சொல்ல வேண்டும், பாயை மாப்பிள்ளையைவிடக் கனமாக ஒன்று செய்யச் சொல்லி.